மேல்பிடி

இந்த வண்டிக்கு முதலில் பிறந்தது விலை.
வண்டி அப்புறம்தான்.

பூனாவிலிருந்து வந்த பாட்டன்கர்
வெள்ளைப் பலகையில் ஏழே முக்கால் லட்சம் என்று எழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தார்.
இதற்குள் உயரம் வேண்டும், முறைக்கிற முகம் வேண்டும்,
நீளம் நாலு மீட்டரைத் தாண்டக் கூடாது.
ஏழைக்கு எஸ்யூவி என்று மட்டும்
யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது.

மலுமிச்சம்பட்டியில் எங்கள் கொட்டகை.
மூன்று இன்ஜெக்‌ஷன் மெஷின், ஒரு சில்லர்,
கரண்ட் போனால் முனகும் ஜெனரேட்டர்.
எங்கள் பங்குக்கு வந்தது மேல்பிடி:
கதவுக்கு மேலே, கூரையோரம்,
வளைவில் உடம்பு சாயும்போது
கை தானாகப் போய்த் தொங்குமே, அது.

சென்னியப்பன் அச்சு வெட்டினார், ஐம்பத்தொரு நாள்.
தன் கை, என் கை, கணக்குப் பிள்ளை கை,
பேக்கிங்கில் நிற்கும் ஒடிசாப் பெண்ணின் கை,
எல்லாவற்றையும் களிமண்ணில் அமுக்கிப் பார்த்தார்.
"வெரல் நாலும் உள்ள போகோணுங்.
மோதரம் இடிக்கப் படாது."
வரைபடத்தில் மோதிரம் இல்லை.
அரை மில்லி அவரே சுரண்டினார்.

பிறகு மாதம் ஒரு கூட்டம்.
மூணு ரூபாய் நாற்பது காசு குறையுங்கள்.
சுவரை மெலிதாக்கினோம்.
ஸ்பிரிங்கை ராஜ்கோட்டுக்கு மாற்றினோம்.
ஸ்க்ரூவில் ஒரு மரை போனது.
இன்னும் மூணு ரூபாய் நாற்பது காசு.

கடைசியில் மெயில் வந்தது, இரண்டு வரி:
ஆரம்ப மாடலில் பின்சீட்டுக்குப் பிடி வேண்டாம்.
அந்த ஓட்டைகளுக்கு மூடி மட்டும் அனுப்பவும்.

மூடி ஒன்று அறுபத்தெட்டு காசு.
சென்னியப்பன் அதற்கும் அச்சு வெட்டினார்,
ஒன்றரை நாளில், யாருடனும் பேசாமல்.

அவிநாசி ரோடு ஷோரூமில் வண்டி துணி விலக்கியது.
கூட்டம் கதவைத் திறந்து திறந்து சாத்தியது.
"சாத்துனா தகர டப்பாவாட்டச் சத்தமுங்."
"தூரத்துல பாத்தா பெரிய வண்டியாட்டத்தான் இருக்குது."
"எங்க தோட்டத்துத் தடத்துல அடி தட்டாதுங்களா?
அது போதும், சத்தம் இருந்துட்டுப் போகுது."

நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன், வாங்க வந்தவள் போல.
பக்கத்தில் ஏறினாள் பரமேஸ்வரி.
திருப்பூரில் ஓவர்லாக் காண்ட்ராக்ட், புருஷன் குப்புராஜ்,
இதுவரை மூன்று பேரும் ஒரே பைக்.
சீட்டைத் தடவினாள், ஏசியை முகர்ந்தாள்,
அப்புறம் அவள் வலதுகை
மேலே போனது.

கூரையைத் தடவியது.
மூடியைத் தொட்டது. ஒருமுறை அமுக்கியது.
மடிக்குத் திரும்பியது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அன்று சாயங்காலமே முன்பணம் கட்டினார்கள்.
அந்த மாதம் கோவையில் மட்டும் முன்னூற்றுப் பத்து வண்டி;
எனக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது மூடி.

மேல்பிடி அச்சு தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.
தகட்டில் கம்பெனி நம்பர்,
நான் ஓட்டினால் திருட்டு.
அச்சில் துரு பிடிக்காமல் இருக்க
அமாவாசைக்கு அமாவாசை எண்ணெய் பூசுகிறார் சென்னியப்பன்.

சித்திரையில், அவிநாசிபாளையத்துப் பெட்ரோல் பங்கில்
அதே நீல வண்டி. நோம்பிக்குப் போகிறார்களாம்.
பின்சீட்டில் பரமேஸ்வரி, மடியில் பொடுசு.
அவள் தலைக்கு மேலே
குளியலறைச் சுவரில் பதிக்கிற எவர்சில்வர் கைப்பிடி.
என் மூடிகளைப் பெயர்த்துவிட்டு
அதே ஓட்டைகளில் முறுக்கியிருந்தார்கள்.
"ஆர்டுவேர் கடைல எம்பத்தஞ்சு ரூவாங்க.
நல்லா உறுதியா இருக்குது."

வண்டி கிளம்பி வளைவில் சாய்ந்தது.
கை மேலே போனது. பிடித்தது.

கொட்டகைக்கு வந்து சொன்னேன்.
சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டே
ஒன்றே ஒன்று கேட்டார்:
"மோதரம் இடிக்குதுங்களா?"